ஆரணிப் பட்டும் வயல்வெளிக் கல்லும்

பட்டுச்சேலை எடுக்க ஆரணிக்கு வருகிறவர்கள், கடைத்தெருவோடு திரும்பிவிடுகிறார்கள். நேரமிருந்தால் கோட்டை மைதானம் வரை நடந்து போய் வாருங்கள். 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவின் படை, சந்தா சாகிப்பின் மகன் ராசா சாகிப்பையும் பிரெஞ்சுக்காரர்களையும் தோற்கடித்தது ஆரணியில்தான். 1782-ல் ஐதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதியதும் இங்கேதான். இதெல்லாம் புத்தகத்தில் ஏறிவிட்ட ராஜாக்கள் கதை.

குடியானவர் வரலாற்றைப் பார்க்க வயல்வெளிக்குத்தான் போக வேண்டும். நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம், தண்டராம்பட்டு பக்கம் நடுகற்கள் நிறைய உண்டு. மாடுதான் செல்வம் என்றிருந்த காலம் அது. கள்ளரிடமிருந்து மாட்டை மீட்கப் போய் உயிர்விட்டவருக்கு ஊரார் கல் நட்டார்கள். எடத்தனூர் கல்லில் கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவருடைய நாயும் நிற்கிறது. பெயர் கோவிவன். இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் காத்ததாம். மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல். வயது சுமார் 1,400 ஆண்டு. ஊர்க்காவல் நாய்க்கும் பெயர் எழுதி வைத்த ஊர் இது!

இப்படிப்பட்ட கல் துணி துவைக்கவும் வரப்புக்கு அண்டை கொடுக்கவும் போய்விடுகிறது. நிலம் திருத்தும்போதோ, ஏரியில் வண்டல் எடுக்கும்போதோ எழுத்தோ உருவமோ உள்ள கல் தட்டுப்பட்டால், ஜே.சி.பி.யை நிறுத்துங்கள். கல்லை உடைக்காதீர்கள், பெயின்ட் அடிக்காதீர்கள். இருக்கும் இடத்திலேயே படம் எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லுங்கள். உடைந்துபோன எழுத்தை மறுபடி ஒட்ட முடியாது.