படபடக்கும் நெஞ்சுக்கு கோட்டக்கல் சொல்லும் பாடம்... எண்ணெய் மட்டுமல்ல, நேரமும் மருந்துதான்!

திடீரென நெஞ்சு படபடக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது, வயிற்றைப் பிசைகிறது. 'ஹார்ட் அட்டாக்கோ?' என்று பதறிப்போய் இ.சி.ஜி எடுத்தால் 'நார்மல்' என்று வருகிறது. அடுத்த வாரம் அதே படபடப்பு, வேறொரு மருத்துவமனை, அதே 'நார்மல்'. இப்படி அலைந்து களைத்தவர்களில் பலர், கடைசியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பும் ஊர்களில் ஒன்று, கேரள மாநிலம் மலப்புரம் மாவட்டத்தில் இருக்கும் கோட்டக்கல்.

சென்னையிலிருந்து மங்களூரு செல்லும் ரயிலில் வந்தால் திரூரில் இறங்க வேண்டும். அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர். கோவைக்காரர்கள் பாலக்காடு, பெரிந்தல்மண்ணா வழியாக சாலையிலேயே வந்துவிடலாம். ஊருக்குள் நுழைந்ததும் வைத்தியசாலைகள், மருந்துக்கடைகள், கஷாயம் கொதிக்கும் வாசனை என எல்லாமே ஆயுர்வேதம்தான்.

இரண்டு வைத்தியமும் படித்தவர்

இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது, வைத்தியரத்தினம் பி.எஸ்.வாரியர் 1902-ல் தொடங்கிய ஆரிய வைத்தியசாலை. அஷ்டவைத்திய மரபில் ஆயுர்வேதம் கற்ற வாரியர், மஞ்சேரியில் ஆங்கில மருத்துவர் ஒருவரிடம் மேலைநாட்டு மருத்துவமும் கற்றார். 1924-ல் அவர் தொடங்கிய தர்ம மருத்துவமனையில் ஆயுர்வேதத்துடன் அலோபதிக்கும் இடமுண்டு. 'இதுவா, அதுவா?' என்ற சண்டை இந்த ஊரில் அன்றைக்கே இல்லை என்பதை இங்கு வருபவர்கள் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. மனநோய்களுக்கென்றே கேரள அரசு நடத்தும் ஆயுர்வேத நிலையம் ஒன்றும் கோட்டக்கல்லில் இருக்கிறது.

நெற்றியில் விழும் தாரை

மனப்பதற்றத்துக்கு ஆயுர்வேதம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சிரோதாரா. நீளமான மரப் பாத்தியில் படுக்க வைத்து, கண்ணில் எண்ணெய் இறங்காமல் நெற்றியைச் சுற்றித் துணி கட்டுகிறார்கள். மேலே தொங்கும் பாத்திரத்திலிருந்து இளஞ்சூடான தைலம் நெற்றியில் ஒரே சீராக விழுகிறது. தைலத்துக்குப் பதில் மூலிகை சேர்த்த மோரை ஊற்றினால் அது தக்ரதாரா. யாருக்கு எது, எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார்.

ஆனால், தாரா முடிந்ததும் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. பத்தியம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பகலில் தூங்கக் கூடாது, இரவில் கண் விழிக்கக் கூடாது. வெயிலிலும் காற்றிலும் சுற்றக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது, கோபப்படக் கூடாது. நேரத்துக்கு எளிய சைவ உணவு, நேரத்துக்குத் தூக்கம். போனை நோண்டியபடி இரவு 1 மணி வரை விழித்திருந்தவருக்கு முதல் சில நாள்கள் தண்டனை மாதிரிதான் இருக்கும்.

பதற்றத்தை, வாதம் நிலைகுலைவதன் அடையாளமாகப் பார்க்கிறது ஆயுர்வேதம். அந்த வாதத்தை அடக்க அது நம்புவது எண்ணெய், சூடு, ஓய்வு, ஒழுங்கு ஆகிய நான்கையும்தான். சரக சம்ஹிதை 'சத்வாவஜயம்' என்று ஒரு தனிச் சிகிச்சையையே சொல்கிறது. தீங்கு தரும் எண்ணங்களிலிருந்து மனதைத் திருப்பும் பயிற்சி அது. இன்றைய கவுன்சலிங்குக்குப் பக்கத்தில் வரும் விஷயம்.

உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது?

பயம் வந்ததும் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயாராகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்தம் பெரிய தசைகளுக்குப் போவதால் கைகால் சில்லிடுகிறது, செரிமானம் தடுமாறுகிறது. மூச்சு வேகமாகி, ரத்தத்தில் கரியமில வாயு குறைவதால் தலை சுற்றுகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. இவை எதுவும் கற்பனை அல்ல. ரிப்போர்ட் நார்மல் என்பதற்காக 'உனக்கு ஒண்ணுமில்ல, சும்மா நினைச்சுக்கிற' என்று வீட்டில் சொல்வதுதான் தவறு. 2019-ல் உலகம் முழுக்க 30.1 கோடி பேருக்குப் பதற்றக் கோளாறு இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

சிரோதாரா பதற்றத்தையும் தூக்கமின்மையையும் குறைக்கிறது என்று சில ஆய்வுகள் சொன்னாலும், அவை பெரும்பாலும் சிறிய அளவிலானவை. அதனால், 14 நாள் தாரா எடுத்தால் பதற்றம் அடியோடு போய்விடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம். ஊர் திரும்பி அதே காபி, அதே கண்விழிப்பு என்று இருந்தால், படபடப்பும் திரும்பி வரும்.

வீட்டுக்கு எடுத்து வரவேண்டியவை

கோட்டக்கல் போக எல்லோருக்கும் வசதியோ லீவோ இருக்காது. அங்கே கடைப்பிடிக்கப்படும் ஒழுங்கில் பாதியை வீட்டிலேயே செலவில்லாமல் தொடங்கலாம்.

• ஒரே நேரம்: எழுவது, சாப்பிடுவது, படுப்பது மூன்றையும் ஞாயிற்றுக்கிழமை உட்பட ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

• எண்ணெய்: தலை, காது, பாதம் ஆகிய மூன்று இடங்களிலும் எண்ணெய் தேய்ப்பதைத் தவறவிடக் கூடாது என்கிறது அஷ்டாங்க ஹிருதயம். தினமும் முடியாதவர்கள் இரவில் பாதத்துக்கு மட்டுமாவது நல்லெண்ணெய் தேய்க்கலாம்.

• மூச்சு: 4 எண்ணும் வரை இழுத்து, 6 எண்ணும் வரை விடுங்கள். 5 நிமிடம் போதும். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு மெல்ல இறங்கும்.

• காபி, டீ: கஃபைன் படபடப்பைத் தூண்டும். முதலில் மாலை நேர டம்ளரைக் குறைத்துப் பாருங்கள்.

• நடை: தினமும் அரை மணி நேரம், போன் இல்லாமல்.

இதில் மட்டும் விளையாட வேண்டாம்

நெஞ்சுவலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், மூச்சுத்திணறலும் வியர்வையும் சேர்ந்து வந்தால், 'பதற்றம்தான்' என்று நீங்களே முடிவு செய்யாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும்கூடப் படபடப்பைத் தரும் என்பதால், ரத்தப் பரிசோதனை அவசியம்.

மனநல மருத்துவர் தந்த மாத்திரையைத் திடீரென நிறுத்திவிட்டு ஆயுர்வேதத்துக்கு மாறுவது ஆபத்து. இரண்டு மருத்துவர்களிடமும் இரண்டையும் சொல்லுங்கள். அஸ்வகந்தாவை யூடியூப் பார்த்து வாங்கிச் சாப்பிட வேண்டாம். அது தைராய்டு மருந்து, தூக்க மாத்திரையோடு மோதலாம். அரிதாகக் கல்லீரலையும் பாதிக்கலாம். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும்.

கோட்டக்கல் போவதாக இருந்தால், முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். நம்ம ஊர் ஆடி மாதத்தையொட்டி வரும் கர்க்கடக மாதத்தில் கேரளத்தில் ஆயுர்வேதச் சிகிச்சைக்குக் கூட்டம் அதிகம். பழைய இ.சி.ஜி, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளையும், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். பத்தியம் அனுமதித்தால், பி.எஸ்.வாரியர் வாழ்ந்த கைலாச மந்திரத்தையும், பக்கத்தில் உள்ள விஸ்வம்பரர் கோயிலையும் பார்க்கலாம். 1939-ல் வாரியர் கதகளிக் குழு ஒன்றையும் தொடங்கினார், அது இன்றும் ஆடுகிறது.

எங்கும் போக முடியவில்லை, யாரிடமாவது இப்போதே பேச வேண்டும் என்று தோன்றினால், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-க்கு எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.