அக்கா வாங்கிய மெசின்

போன புரட்டாதியில் எங்கள் வெருகல் மாதர் சங்கத்து அக்கா ஒருவர் பழைய லாண்ட்மாஸ்டர் வாங்கப் புறப்பட்டார். துணைக்கு நானும் போனேன். 2006இல் இடம்பெயர்ந்து 2007இல் ஊர் திரும்பியபோது அவருக்குக் கணவரும் இல்லை, மாடும் இல்லை. இரண்டு ஏக்கர் வயலை ஒவ்வொரு போகமும் கூலி மெசினுக்குக் காத்திருந்தே விதைத்தவர். இப்போது காப்புச் சோடியை விற்ற காசு கையில் இருந்தது.

வரம்பு கட்டிய சிறு வயலில் நாலு சில்லு உழவு இயந்திரம் திரும்ப இடம் போதாது. இருசில்லு மெசின் உழும். பெட்டி பூட்டினால் நெல் ஏற்றும். பெல்ட் மாட்டினால் நீர்ப்பம்பியும் ஓட்டும்.

விற்பவர் இயந்திரத்தை முன்பே சூடாக்கி வைத்திருந்தார். அக்காவோ, "ஆறட்டும் தம்பி" என்று வேப்பமரத்தடியில் இருந்துவிட்டார். ஆறிய பிறகு தானே கைப்பிடியைச் சுற்றினார். இயங்கியது. ஆனால் நீலப் புகை நிற்கவில்லை, ஒயில் எரிகிறது. ஒயில் கம்பியை இழுத்தால் பால்தேநீர் நிறம், உள்ளே தண்ணீர். பட்டம் படித்த நானோ புதுப் பெயின்றில் மயங்கி நின்றேன்!

இரண்டாவது இடத்தில் நெளிந்த, நிறம் மங்கிய மெசின். ஒரே சுற்றில் பிடித்தது. பதிவுப் புத்தகத்திலுள்ள இயந்திர இலக்கமும் பொருந்தியது. அதையே வாங்கினார். பெரும்போகத்தை இம்முறை காலத்தோடு விதைத்தார்.

சகோதரிகளே, காசை எண்ணிக் கொடுக்குமுன் கைப்பிடியை நாமே சுற்றிப் பார்ப்போம். பதிவுப் புத்தகமும் நம் பெயருக்கே மாறட்டும்.