கடற்குதிரையும் நிலா விட்டிலும்

செஞ்சி வட்டாரத்துத் தளவானூருக்குச் சென்ற மாதம் என் மாணவர்களுடன் போயிருந்தேன். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குன்றைக் குடைந்து சமைத்த சத்ருமல்லேச்வரம் அங்கேதான் இருக்கிறது. அதன் முகப்பில் மகர தோரணம் ஒன்றுண்டு. "மகரம் மீனா, முதலையா, யானையா?" என்று ஒரு பையன் வினவினான். "எல்லாம் கலந்த கற்பனைப் பிராணி" என்றேன். "அப்படியானால் கடற்குதிரையும் கற்பனைதானோ, ஸார்?" என்றான்.

அன்று! குதிரைத் தலையும் குரங்கு வாலும் படைத்த அந்த மெய்யான மீன் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் வாழ்கிறது. அதற்கு இரைப்பை இல்லை. ஆகையால் ஓயாமல் இரை தேடிக்கொண்டே இருக்க வேண்டும். முட்டைகளை வயிற்றுப் பையில் சுமந்து குஞ்சு பொரிப்பது தாயன்று, தந்தை!

கீழே இறங்கி வருகையில், ஒதியமரத்தில் வெளிர்பச்சை நிற நிலா விட்டில் ஒன்று ஒட்டியிருந்தது. பின்சிறகுகளில் நீண்ட இரு வால்கள். இதன் நிலை நேர்மாறானது. புழுவாக இருந்தபோது தின்றதே ஆயுளுக்கும் ஆகாரம். சிறகு முளைத்தபின் உண்பதே இல்லை. ஏறக்குறைய ஒரு வார வாழ்வில் இணை தேடி, முட்டையிட்டு மாய்கிறது.

வாலிலும் வேற்றுமை உண்டு. கடற்குதிரையின் வால் கடற்புல்லைப் பற்றிக்கொள்வதற்கு. விட்டிலின் வாலோ பறிகொடுப்பதற்கு. இதன் உறவினமான அமெரிக்க லூனா விட்டிலைப் பற்றி 2015-ல் வெளியான ஆராய்ச்சி அதை விளக்கிற்று. வௌவால் ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியால் இரையின் இருப்பிடம் அறிகிறது. பறக்கையில் சுழலும் வால்கள் அதை ஏமாற்றுகின்றன; வௌவால் வாலைக் கவ்வ, விட்டில் உயிர் தப்புகிறது.

"ஒதி பெருத்து உத்திரம் ஆகுமா?" என்று மரத்தைப் பார்த்துச் சிரித்தான் அதே பையன். உத்திரமாகாதுதான், ஆனால் இந்த விட்டிலின் புழுவுக்கு அதன் இலையே அன்னம். கடற்குதிரைக்குக் கடற்புல்லே பற்றுக்கோடு. 2001 முதல் கடற்குதிரையைப் பிடிப்பதைச் சட்டம் தடுக்கிறது. எனினும், இழுவை மடிகள் கடலடியை வாரிச் சென்றால் அது எதைப் பற்றிக்கொண்டு பிழைக்கும்?

கல்லில் செதுக்கிய மகரம் ஏறக்குறைய ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நிற்கிறது. உயிருள்ள விசித்திரங்கள் நிலைப்பதற்கோ, நாம் பயனற்றவை என்று ஒதுக்கும் ஒரு மரமும் ஒரு புல்லும் நிலைக்க வேண்டும்.