வேறிடத்தில் விழுந்த கோடு

2020 செப்டம்பரில், வெள்ளிக் கோளின் மேகங்களில் பாஸ்பீன் வாயு இருப்பதாக வானியலாளர் ஜேன் கிரீவ்ஸின் குழு அறிவித்தது. நூறு கோடியில் இருபது பங்கு. உயிர்கூடக் காரணமாக இருக்கலாம் என்றார்கள். எங்கள் துறை இரண்டுபட்டது. சில வாரங்களிலேயே மறுப்புகள் வந்தன. ஆல்மா தொலைநோக்கியின் தரவை மறுபடி அளவுதிருத்தியதும் வாயுவின் அளவு வெகுவாகக் குறைந்தது. அவர்கள் தரவுக்குப் பொருத்திய வளைவைப் பார்த்து, 'பன்னிரண்டாம் படிப் பல்லுறுப்புக்கோவையா!' என்று கூட்டங்களில் கேலி செய்தவர்களில் நானும் ஒருவன்.

கேலி செய்ய எனக்கு அருகதை இல்லை.

வெள்ளி மிகப் பிரகாசமானது. அதன் ரேடியோ அலை தொலைநோக்கியின் பாகங்களுக்கிடையே பட்டுத் திரும்புவதால் நிறமாலையில் நெளிவுகள் விழும். நாங்கள் தேடும் வாயு நிறமாலையில் பதிக்கும் கோடு அவற்றைவிடச் சிறியது. ஆகவே கோடு இருக்க வேண்டிய இடத்தை மட்டும் மூடிவிட்டு, மீதிக்கு ஒரு பல்லுறுப்புக்கோவையைப் பொருத்தி நெளிவைக் கழிப்போம். படி கூடக்கூட வளைவு கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் மூடிய இடத்தில் அதைக் கட்டுப்படுத்த எதுவுமில்லை, இஷ்டத்துக்கு வளையும். கழித்தபின் அங்கே தெரியும் பள்ளம் வாயுவுடையதா, நம் கைவேலையா? கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எந்த வாயுவுக்கும் கோடு இல்லாத ஓரிடத்தை மூடி, அதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

போட்டுப் பார்த்தேன். பாஸ்பீன் விவகாரத்துக்குப் பல ஆண்டுகள் முன்பு, முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஒப்பந்த வேலை முடியவிருந்த சமயம். வெள்ளியின் மேகங்களுக்கு மேலே சல்பர் டை ஆக்சைடு சில நாட்களுக்குள் ஏறி இறங்குகிறது என்பது என் கட்டுரை. ஒன்றுமே இருக்கக் கூடாத இடத்தில் அதே ஆழத்துக்கு ஒரு பள்ளம் விழுந்தது. மூடும் இடத்தை நகர்த்தினேன். பள்ளமும் கூடவே நகர்ந்தது. அந்தப் படத்தை 'பழையவை' என்ற கோப்புறைக்குள் தள்ளினேன். கட்டுரையில் 'நெளிவு நீக்கப்பட்டது' என்று ஒரு வரி. எத்தனையாம் படி என்றுகூட எழுதவில்லை.

யாரும் கேட்கவுமில்லை. சல்பர் டை ஆக்சைடு அங்கே நிஜமாகவே மாறுவதுதான். 1978-இல் பயனியர் வீனஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து அது பல ஆண்டுகள் குறைந்துவந்தது. 2006-இல் அங்கே சென்ற வீனஸ் எக்ஸ்பிரஸும் ஏற்ற இறக்கம் கண்டது. எதிர்பார்த்த பதிலைச் சொன்னவனை யார் சோதிப்பார்கள்? நிரந்தர வேலைக்கான நேர்காணலில் திரையில் நான் போட்டதும் அந்தக் கட்டுரையின் வரைபடம்தான்.

கிரீவ்ஸ் குழு தங்கள் படியைக் கட்டுரையிலேயே சொல்லியிருந்தது. சொன்னதால்தான் மற்றவர்கள் சோதிக்க முடிந்தது. அந்த வாதம் இன்னும் ஓயவில்லை, அது வேறு கதை.

வேலை போய்விடும் என்ற பயத்தில் செய்தேன் என்றால் பாதிதான் உண்மை. வேலை நிரந்தரமான பிறகும் வாய் திறக்கவில்லையே, அதற்கு என்ன பயம்? பெயர் பிடித்திருந்தது, அவ்வளவுதான். மதிப்பீட்டுக்கு வரும் கட்டுரைகளில் மட்டும், 'கோடு இல்லாத இடத்தை மூடிச் சோதித்தீர்களா?' என்று கறாராகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது திருத்தக் குறிப்பு எழுதிவிட்டேன். இணையாசிரியரின் சம்மதம் வேண்டும். அப்போது அவர் மாணவர். அந்தச் சோதனை நடந்ததே அவருக்குத் தெரியாது. இன்று பதவி உயர்வுக்குக் காத்திருக்கிறார், அவர் கொடுத்த பட்டியலில் அந்தக் கட்டுரையும் இருக்கிறது. படத்தோடு எல்லாவற்றையும் அவருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். கோபப்பட்டால் நியாயம். கையெழுத்திட மறுத்தால், என் பெயரில் மட்டும் வெளியிடுவார்களா என்று இதழாசிரியரைக் கேட்க வேண்டும்.