குறிப்பேட்டில் இல்லாத குழம்பு

எங்கள் அன்னையார் இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைவுற்ற நாளில், நினைவுத் திருப்பலி முடிந்து இல்லம் திரும்பிய நாங்கள் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். செபமாலைக்கும் பழைய செபப் புத்தகத்திற்கும் அடியில் ஒரு குறிப்பேடு இருந்தது. தொலைக்காட்சியில் கண்ட சமையல் குறிப்புகளை அவர் தம் கோணல் எழுத்தில் அதில் எழுதி வைத்திருந்தார். காளான் வறுவல், பனீர் குருமா என்று முப்பதுக்கு மேற்பட்டவை. அவற்றுள் ஒன்றையேனும் அவர் சமைத்ததாக எங்களுக்கு நினைவில்லை.

இறைச்சி விலக்கும் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டை மணக்கச் செய்தது, அவர் மாங்காய் போட்டு வைக்கும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. அது மட்டும் அந்தக் குறிப்பேட்டில் இல்லை. தொலைக்காட்சி சொன்னதை அம்மா எழுதினார். அம்மா சொல்வதை எழுதிக்கொள்ளத் தொலைக்காட்சியும் வரவில்லை, நாங்களும் வரவில்லை. இன்று எத்தனை முறை முயன்றாலும் அந்தச் சுவை எங்களுக்குக் கைகூடவில்லை.

அன்று முதல், சமையல் நிகழ்ச்சிகளை நாங்கள் வேறு கண்ணோடு பார்க்கிறோம். தொலைக்காட்சிக்கு இக்கலை புதிதன்று. இரண்டாம் உலகப்போர் முடிந்து, உணவுப் பங்கீடு இன்னும் நீங்காத 1946-ஆம் ஆண்டிலேயே, இங்கிலாந்தின் பி.பி.சி. தொலைக்காட்சியில் பிலிப் ஹார்பன் என்பார் சமைத்துக் காட்டினார். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கிற்று. பின்னர் தனியார் அலைவரிசைகள் பெருகின. 2019-இல் 'குக்கு வித் கோமாளி' வந்தது; 2021-இல் 'மாஸ்டர்செஃப் தமிழ்' வந்தது. சிரிப்பும் போட்டியும் நிறைந்த இவற்றை நாங்களும் விரும்பியே பார்த்தோம். குறை கூற வரவில்லை. எனினும் அந்தப் பளபளக்கும் மேடைகளில் எங்கள் வீட்டு அடுப்பைக் காணோமே என்னும் ஏக்கம் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்மாரும் 2018-இல் யூடியூபில் தொடங்கிய கிராமத்துச் சமையல், 2021-இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களை எட்டியது. எளிய சமையலைக் காண மக்கள் ஆவலோடு காத்திருக்கின்றனர் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

நிகழ்ச்சி தயாரிப்போர் எங்கள் விருப்பத்தைக் கேட்பாராயின், மூன்றினைச் சொல்வோம்.

முதலாவது, கரையில் தொடங்கி அடுப்பில் முடியும் நிகழ்ச்சி. கோவளத்தில் 1808-இல் எழுப்பப்பெற்ற கார்மேல் அன்னை ஆலயத்தில் ஞாயிறு திருப்பலி கண்டு வெளியே வந்தால், கடற்கரை அருகிலேயே இருக்கிறது. அங்கிருந்து மாமல்லபுரம் வரையிலும், அதற்கப்பால் சதுரங்கப்பட்டினம் வரையிலும் மீனவர் குப்பங்கள் உள்ளன. படகு கரையேறுவது, மீன் ஏலம் போவது, கூடைக்காரம்மா விலை பேசுவது ஆகியவற்றை முதலில் காட்டலாம். கண் தெளிவாகவும் செவுள் சிவப்பாகவும் இருந்தால் மீன் புதிது என்பதை அவரே சொல்லட்டும். வஞ்சிரத்தை விடுத்து, ஏழைக்கு எட்டும் காரப்பொடியையும் மத்தியையும் அவர் தம் வீட்டில் எப்படிச் சமைக்கிறார் என்று காட்டட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத அந்த 61 நாள்களில் கருவாடு எவ்வாறு கைகொடுக்கிறது என்பதும் வரட்டும். முட்டுக்காட்டு உப்பங்கழியில் வலையின்றிக் கையால் தடவியே இறால் பிடிக்கும் இருளர் மக்களின் அடுப்பையும் ஒரு நாள் காண்போம். செங்கல்பட்டுச் சிறுமணி என்றொரு பழைய நெல் உண்டு. அதன் பெயரைக்கூட அறியாமல் நம் பிள்ளைகள் வளர்வது முறையோ?

இரண்டாவது, கணக்குச் சொல்லும் நிகழ்ச்சி. ஐந்து பேர் உள்ள குடும்பம். நியாயவிலைக் கடை அரிசி. கையில் அன்றைய கூலியில் ஒரு பகுதி. சமைத்து முடித்ததும் செலவான தொகையையும் எரிந்த எரிவாயுவையும் சொல்ல வேண்டும். முந்திரியும் வெண்ணெயும் கொட்டிச் சுவை வருவிப்பது எளிது. இல்லாமையில் சுவை வருவிப்பதன்றோ நம் தாய்மார்களின் திறமை!

மூன்றாவது, நோயுற்றோருக்கான நிகழ்ச்சி. உலக நலவாழ்வு நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது. இரத்த அழுத்தத்திற்காக மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்ன பின்னர், அன்னையார் எங்களுக்குக் கருவாட்டுக் குழம்பைப் பரிமாறிவிட்டுத் தாம் உப்பில்லாக் கஞ்சி குடித்தார். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்துப் பலமுறை அலசினால் உப்பு ஓரளவு குறையும். அதனை வேறு எதனுடன் சேர்த்து, எவ்வளவு உண்ணலாம் என்பதை மருத்துவரும் சமையல் அறிந்தவரும் ஒன்றாக நின்று விளக்கியிருந்தால், அவருடைய தட்டு அவ்வளவு தனிமைப்பட்டிருக்காது.

போட்டியில் தோற்றவர் கண்ணீரோடு வெளியேறும் காட்சியைக் காணும்போதெல்லாம், யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரம் எங்கள் நினைவுக்கு வருகிறது. இரவெல்லாம் உழைத்து எதுவும் கிடைக்காத சீடர்களுக்கு, விடியற்காலையில் உயிர்த்த ஆண்டவர் கரையில் கரிநெருப்பு மூட்டி உணவு ஆயத்தம் செய்திருந்தார். நெருப்பின்மேல் ஏற்கெனவே மீன் இருந்தது. ஆயினும், அவர்கள் அப்பொழுது பிடித்த மீன்களிலும் சில கொண்டுவரும்படி கேட்டார். அவர் மதிப்பெண் இடவில்லை, எவரையும் வெளியேற்றவில்லை. அவர்களிடம் இருந்ததைக் கேட்டு வாங்கினார். அந்தக் கேள்வியைத்தான் நாங்கள் எங்கள் அன்னையாரிடம் கேட்கத் தவறினோம்.

நாங்கள் விரும்பும் நிகழ்ச்சிகள் வருமோ வாராவோ, அறியோம். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, அன்புக் குடும்பங்களே! இந்த ஞாயிறு மாலை தொலைக்காட்சியைச் சிறிது நேரம் அணைத்துவிட்டு, வீட்டில் உள்ள முதியவரிடம் ஒரு குழம்பின் பக்குவத்தைக் கேளுங்கள். "ஒரு கைப்பிடி" என்று அவர் சொன்னால், அந்தக் கையைப் பிடித்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் அம்மாவின் குறிப்பேட்டில் இன்னும் ஒன்பது பக்கங்கள் வெறுமையாக உள்ளன. அவற்றை நிரப்ப, அவருடைய தங்கையாகிய எங்கள் சின்னம்மாவைத் தேடி அடுத்த வாரம் செல்கிறோம்.