பாக்தாத்திலிருந்து வந்த கேக்

கொல்கத்தா நியூ மார்க்கெட்டில் நூறாண்டைக் கடந்து நிற்கிறது ஒரு யூதக் குடும்பத்தின் பேக்கரி. வாங்க வரும் கூட்டம் குறையவில்லை. யாருடைய கடையோ அவர்கள்தான் ஊரில் ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டார்கள்.

எஸ்பிளனேடு மெட்ரோ நிலையத்தில் இறங்கி லிண்ட்ஸே தெருவுக்குள் திரும்பினால் செங்கல் நிறக் கட்டடமும் மணிக்கூண்டும் கண்ணில் படும். நியூ மார்க்கெட். பெயரில்தான் புதுமை, திறந்தது 1874 ஜனவரி 1ஆம் தேதி. உள்ளூர்க்காரர்களின் கூட்டத்தில் இடிபடாமல் வெள்ளைக்காரத் துரைமார்களும் துரைசானிகளும் சாமான் வாங்குவதற்கென்று கட்டிய சந்தை. வரைபடம் போட்டவர் கிழக்கிந்திய ரயில்வேயின் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் பெய்ன். 1903இல் ஸ்டூவர்ட் ஹாக் என்ற நகராட்சித் தலைவரின் பெயரைச் சூட்டினார்கள். அந்தப் பெயர் காகிதத்தில் மட்டும் இருக்கிறது. ஊர் மக்களுக்கு அது என்றைக்கும் நியூ மார்க்கெட்தான்.

வாசலிலேயே பிரம்புக் கூடைச் சுமைக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். எந்தக் கடைக்குப் போக வேண்டும், என்ன வேண்டும் என்று விடாமல் கேட்பார்கள். புடவைக் கடை, தோல்பைக் கடை, கவரிங் நகைக் கடை, புகைவாசம் வீசும் குட்டிக் குட்டி பண்டேல் பாலாடைக்கட்டி விற்கும் கடை என்று எல்லாவற்றையும் தாண்டி உள்ளே போனால், வெண்ணெயும் வெனிலாவும் கலந்த வாசனை வழிகாட்டத் தொடங்கும். எஃப்-20ஆம் எண் கடை. நஹூம் அண்ட் சன்ஸ்.

கடையில் அலங்காரம் என்று எதுவும் கிடையாது. பழைய தேக்குமர அலமாரிகள், கண்ணாடிப் பெட்டிகள், மரத்தால் ஆன கல்லா. உட்கார்ந்து சாப்பிட மேசை நாற்காலி போட்ட இடமல்ல. வாங்கியதைக் கையில் வைத்துக்கொண்டு சந்தையின் நடைபாதையில் நின்றபடியே தின்கிறார்கள். கல்லூரி மாணவிகள், அலுவலகம் விட்டு வந்தவர்கள், லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்து அம்மாவின் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் வங்காளிகள், பங்களாதேஷிலிருந்து வைத்தியத்துக்காக வந்த குடும்பங்கள் என்று எல்லோரும் அதில் உண்டு.

கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவற்றில் பாதி, எந்த ஆங்கிலோ இந்திய பேக்கரியிலும் கிடைப்பவைதான். கோழி பாட்டீஸ், எலுமிச்சை டார்ட், ரம் பால், பிரவுனி, கறுத்துக் கனத்த பழக்கேக். பாட்டீஸைக் கடித்தால் மேல் அடுக்குகள் சருகாக உதிர்ந்து சட்டையில் விழும். உள்ளே மிளகு தூக்கலான கோழிக்கறி. எலுமிச்சை டார்ட்டில் இனிப்பை முந்திக்கொண்டு புளிப்பு வரும். பழக்கேக்கின் துண்டு சிறியதுதான், ஆனாலும் கையில் எடுத்தால் கனம் தெரியும்.

மீதிப் பாதியில்தான் கடையின் பூர்வீகம் இருக்கிறது. சோமாசி போல அரைவட்டமாக மடித்து, உள்ளே உப்புப் பாலாடைக்கட்டியை வைத்துச் சுட்ட பண்டம் ஒன்று. அதன் பெயர் சம்பூசக். எண்ணெயில் பொரித்ததல்ல, அடுப்பில் வேகவைத்தது. பாரசீகத்தில் 'சன்போசாக்' என்று பிறந்த சொல் அரபு நாடுகளில் சம்பூசக் ஆனது. இந்தியாவுக்கு வந்து சமோசா ஆனது. 14ஆம் நூற்றாண்டில் துக்ளக்கின் தில்லி அரண்மனையில் இப்னு பதூதா தின்றதும், நம்மூர் டீக்கடையில் 'சம்சா' என்று கேட்டு வாங்குவதும் இதன் உறவினர்களே. அரசர்களோடும் வணிகர்களோடும் தரைவழியாக வந்த கிளை ஒன்று. கப்பலேறி, பாக்தாத் யூதர்களின் அடுக்களை வழியாகக் கல்கத்தாவுக்கு வந்த கிளை இன்னொன்று. இரண்டும் இப்போது ஒரே நகரத்தில் அடுத்தடுத்த தெருக்களில் விற்பனையாகின்றன.

மூட்டையோடு வந்தவர்கள்

இந்தியாவில் யூதர் என்றதும் தமிழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கொச்சி மட்டாஞ்சேரி. அந்தச் சமூகத்தின் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் உரிமைகள் வழங்கிய செப்பேடு, வட்டெழுத்தில் பொறித்தது. சுமார் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. கொல்கத்தா யூதர்களின் கதை அவ்வளவு நீளமானதல்ல. 1798இல் சிரியாவின் அலெப்போ நகரைச் சேர்ந்த ஷாலோம் கோஹன் என்ற வணிகர் இங்கு வந்து சேர்ந்ததிலிருந்து அது தொடங்குகிறது. பின்னாலேயே பாக்தாத்திலிருந்தும் பாஸ்ராவிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. அபின், அவுரி, பட்டு, சணல் என்று வியாபாரம் பெருகியது. எஸ்ரா குடும்பத்தின் பெயரில் தெருவே இருக்கிறது. எஸ்பிளனேடு மேன்ஷன்ஸ் போன்ற மாளிகைகளும் அவர்கள் எழுப்பியவைதான். 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தபோது அதற்கான பேச்சுவார்த்தையை நடத்திய ஜெனரல் ஜேக்கப், கல்கத்தாவில் பிறந்த பாக்தாத் யூதர்.

நஹூம் இஸ்ரேல் மொர்தெகாய் மாளிகை கட்டிய ரகமல்ல. அவரும் பாக்தாத்திலிருந்து வந்தவர். 1902இல் ரொட்டியும் பிஸ்கட்டும் வீடு வீடாக விற்றுத்தான் தொழிலைத் தொடங்கினார் என்பது கடையின் வரலாறு. 1916இல் நியூ மார்க்கெட்டுக்குள் இடம் கிடைத்தது. தந்தைக்குப் பிறகு மகன் எலியாஸ், அவருக்குப் பிறகு அவருடைய மகன்கள் என்று அதே இடத்தில் மூன்று தலைமுறை ஓடியது. 1985 டிசம்பரில் சந்தையின் ஒரு பகுதியைத் தீ விழுங்கியபோதும் கடை பிழைத்தது.

யூதர்களின் அடுக்களைக்குச் சட்டதிட்டம் அதிகம். பாலையும் இறைச்சியையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. கல்கத்தாவுக்கு வந்தவர்கள் வங்காளத்துக் குழம்புகளுக்கு ஆசைப்பட்டார்கள். தயிர் சேர்க்க வழியில்லை. தேங்காய்ப் பாலை ஊற்றி ஆசையையும் காப்பாற்றினார்கள், ஆசாரத்தையும் காப்பாற்றினார்கள். முழு உருளைக்கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு அரைவேக்காடு வேகவைத்து, எண்ணெயில் நிதானமாகப் பொரித்து, மேலே ஓடு போலவும் உள்ளே மாவு போலவும் எடுக்கும் 'ஆலு மகல்லா' இந்த ஊரில் பிறந்த யூதப் பண்டம். 'ஆலு' இந்துஸ்தானி, 'மகல்லா' பொரித்தது என்று பொருள்படும் அரபுச் சொல். பல வீடுகளில் இவற்றைச் சமைத்துக் கொடுத்தவர்கள் முஸ்லிம் சமையல்காரர்கள்.

பத்துப் பேர் வேண்டும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பர்மாவிலிருந்து தப்பி வந்தவர்களையும் சேர்த்தால், கல்கத்தா யூதர்கள் நாலாயிரம், ஐயாயிரம் பேர் இருந்திருப்பார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அதன் பிறகு இறக்கம். 1946இன் மதக்கலவரம் ஊரையே உலுக்கியது. 1947இல் ஆங்கிலேயர் போனதும் அவர்களை நம்பியிருந்த வர்த்தகமும் ஆட்டம் கண்டது. 1948இல் இஸ்ரேல் உருவானது. யாரும் அவர்களைத் துரத்தவில்லை. யூதர் என்பதற்காக இந்த நகரத்தில் யாரும் அவர்கள் மீது கல் எறிந்ததில்லை என்பதை வெளிநாடு போனவர்களே பெருமையோடு சொல்வார்கள். இருந்தும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் லண்டனுக்குப் போனார்கள், இன்னொரு வீட்டுப் பிள்ளைகள் இஸ்ரேலுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போனார்கள். கல்யாணத்துக்குப் பெண்ணோ மாப்பிள்ளையோ கிடைக்காத ஊரில் எத்தனை நாள் இருப்பது? இன்று எஞ்சியிருப்பவர்கள் இருபது, முப்பது பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள். பெரும்பாலும் முதியவர்கள்.

யூத வழக்கப்படி கூட்டு வழிபாட்டுக்குக் குறைந்தது பத்து ஆண்கள் வேண்டும். 1884இல் எலியாஸ் டேவிட் எஸ்ரா தன் தந்தையின் நினைவாகக் கட்டிய மேகன் டேவிட் ஆலயத்தில் வண்ணக் கண்ணாடிகளும் பளிங்குத் தரையும் பளபளக்கின்றன. அருகிலுள்ள பெத் எல் ஆலயம் 1856இல் எழுந்தது. இரண்டையும் செப்பனிட்டு 2017 டிசம்பரில் மீண்டும் திறந்தார்கள். விளக்கு ஏற்றலாம், தரையைத் துடைக்கலாம். பத்துப் பேரைத்தான் எங்கிருந்தும் கொண்டுவர முடியவில்லை. கதவைத் திறந்து, பெஞ்சைத் துடைத்து, வருகிறவர்களுக்குத் தொப்பி எடுத்துக் கொடுப்பவர்கள் முஸ்லிம் காவலாளிகள். ஒரிசாவிலிருந்து வந்து, அப்பனுக்குப் பின் பிள்ளை என்று இந்த வேலையைப் பார்த்துவரும் குடும்பங்கள். 1881இல் தொடங்கிய யூதப் பெண்கள் பள்ளியில் இப்போது படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் சிறுமிகள்.

பேக்கரிக்கும் அதே நிலை வந்தது. மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்த டேவிட் நஹூம் பல ஆண்டுகள் தினமும் கல்லாவில் உட்கார்ந்து கடையைப் பார்த்துக்கொண்டார். கேக்கைப் போலவே அவரும் கடைக்கு அடையாளம். யூத சமூகத்தின் மூத்த தலைவர்களில் ஒருவராகவும் இருந்தார். 2013 மார்ச்சில் 86ஆவது வயதில் அவர் இறந்தபோது, கடை இனி இருக்குமா என்று ஊரே கவலைப்பட்டது. இஸ்ரேலில் குடியேறியிருந்த சகோதரர் ஐசக் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அடுப்படியிலும் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாலும் நின்றவர்கள், டேவிட் இருந்த காலத்திலேயே ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவர்கள். அவர்கள் யூதர்கள் அல்லர். மாவு எத்தனை, முட்டை எத்தனை, அடுப்புச் சூடு எவ்வளவு என்பது அவர்களுடைய கைக்குத் தெரியும். வாசனை மாறாமல் கடை தொடர்ந்தது அதனால்தான்.

பெரிய நாள்

ஆண்டு முழுவதும் நடக்கும் வியாபாரம் ஒரு பக்கம் என்றால் டிசம்பர் மாதம் இன்னொரு பக்கம். கிறிஸ்துமஸை வங்காளிகள் 'பொரோதின்' என்பார்கள். பெரிய நாள் என்று அர்த்தம். கிறிஸ்தவர்கள் சிறுபான்மையாக உள்ள ஊரில் அன்றைக்குக் கேக் இல்லாத வீடு அபூர்வம். துர்கா பூஜைக்குச் சந்தேஷ் போல, பொரோதினுக்குக் கேக். அந்த வாரத்தில் நஹூம் கடை முன்னால் நிற்கும் வரிசை சந்தையின் நடைபாதைகளில் வளைந்து வளைந்து போகும். யூதர் தொடங்கிய கடையில், கிறிஸ்தவப் பண்டிகைக்காக, இந்துக்களும் முஸ்லிம்களும் கால்கடுக்க நிற்கிறார்கள். கொல்கத்தாவில் இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. கேக் தீர்ந்துவிடுமோ என்பதுதான் அவர்கள் கவலை.

ஆங்கிலத் திருச்சபையின் தலைவராக இருந்த கேன்டர்பரி பேராயர் ஜெஃப்ரி ஃபிஷர் கல்கத்தாவுக்கு வந்தபோது, இதைவிடச் சிறந்த பழக்கேக்கைச் சாப்பிட்டதில்லை என்று சொன்னாராம். வரிசையில் நிற்பவர்கள் அலுக்காமல் சொல்லும் கதை இது.

நஹூம் மட்டும்தான் என்றில்லை. 1927இல் சுவிஸ் தம்பதியர் தொடங்கிய ஃப்ளூரிஸ் பார்க் தெருவில் இருக்கிறது. 1930இல் கோவாக் குடும்பம் தொடங்கிய சல்தானா பேக்கரியைத் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் நடத்திவருகிறார்கள். பௌ பேரக்ஸ் பகுதியில் ஆங்கிலோ இந்தியர்களுக்குக் கேக் சுடும் பருவா பேக்கரி, பௌத்தக் குடும்பத்துடையது. தால்தலா பகுதியின் முஸ்லிம் பேக்கரிகளுக்கு முட்டை, வெண்ணெய், உலர்பழம் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போய், கண்ணெதிரில் பிசையவைத்து, சுட்டு வாங்கி வரும் வழக்கம் இருக்கிறது. நம் ஊர்க் கேக்கில் பச்சைப் பப்பாளித் துண்டு டூட்டி ஃப்ரூட்டியாக நிறம் மாறி உட்கார்ந்திருப்பது போல, இங்கே பூசணியைச் சர்க்கரையில் ஊறவைத்த முரப்பா கேக்குக்குள் புகுந்துவிட்டது.

ரொட்டியும் கேக்கும் எங்கே போனாலும் இப்படித்தான் குடியேறுகின்றன. பிரெஞ்சுக்காரர் சைகோனுக்குக் கொண்டுபோன நீள ரொட்டியைப் பிளந்து, இறைச்சியும் காடியில் ஊறிய கேரட்டும் கொத்தமல்லித் தழையும் திணித்து, 'பான் மீ' என்று தங்கள் சொந்தப் பண்டமாக ஆக்கிக்கொண்டார்கள் வியட்நாம்காரர்கள். 1975க்குப் பிறகு அகதிகளாகப் போன குடும்பங்கள் அதைச் சின்னச் சின்னக் கடைகள் வைத்து உலகமெங்கும் விற்றார்கள். தூத்துக்குடியில் பாதாமுக்குப் பதில் முந்திரியைப் போட்டு, முட்டை வெண்கருவை அடித்துச் சுட்டதும் மக்ரூன் அந்த ஊர்ப் பண்டம் ஆகிவிட்டது. கொண்டுவந்தவர்கள் போன பிறகும் பண்டம் நிற்கிறது என்றால், உள்ளூர்க் கைகள் அதைக் கற்றுக்கொண்டுவிட்டன என்றுதான் அர்த்தம்.

ஆனால் எல்லாம் அப்படி நிற்பதில்லை. பழக்கேக்குக்கு ஒரு நகரமே வாடிக்கையாளர். ஆலு மகல்லாவுக்கு அப்படி யாரும் இல்லை. அது வீட்டுச் சமையல். வீடுகள் பூட்டப்பட்டதும் லண்டனுக்கும் ஜெருசலேமுக்கும் போய்விட்டது; நகரத்தில் அதைத் தேடிச் சாப்பிடுவது கடினம். கடைக்கு ஏறியதால் சம்பூசக் பிழைத்தது. பின்னல் போலத் திரித்துச் சுடும் 'ஹல்லா' ரொட்டியின் கதி இரண்டுக்கும் நடுவில். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததும் தொடங்கும் ஓய்வு நாளில், மேசையில் இரண்டு ஹல்லா வைத்து வேண்டிக்கொண்டுதான் யூதர்கள் சாப்பிட உட்காருவார்கள். அதற்காகவே நஹூம் கடையில் வெள்ளிக்கிழமைதோறும் ஹல்லா சுடுவது வழக்கம்.

ஒரு காலத்தில் அது ஆயிரக்கணக்கானோரின் வீட்டு மேசைக்குப் போனது. இப்போது அந்த ரொட்டியைப் பிட்டு வேண்டுதல் சொல்லத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றபடி அதை வாங்குகிறவர்கள், லேசான இனிப்போடு மெத்தென்று இருக்கிறது, மறுநாள் காலையில் வாட்டி வெண்ணெய் தடவினால் நன்றாக இருக்கும் என்பதற்காக வாங்குகிறார்கள்.