மாட்டுக்கொட்டகையில் அம்பாசிடர்

கஜா புயல் வந்த இரவைக் கீரமங்கலம் பக்கத்துக்காரர்கள் தேதியோடுதான் சொல்வார்கள். 2018 நவம்பர் 16. வேதாரண்யம் பக்கம் கரையேறிய காற்று, பொழுது விடிவதற்குள் புதுக்கோட்டை மாவட்டத்துத் தென்னந்தோப்புகளைப் பாய் விரித்தாற்போலப் படுக்க வைத்துவிட்டது. அந்த வட்டாரத்தில் மூன்று ஏக்கர் தென்னையும் கொஞ்சம் மல்லிகையும் வைத்திருந்த ஒரு குடும்பம், விழுந்த மரங்களை எண்ணி முடிக்கவே இரண்டு நாள் ஆனது. மாட்டுக்கொட்டகையின் தகரக் கூரை பக்கத்து வயலில் கிடந்தது. வாசலில் நின்ற பழைய அம்பாசிடருக்கு ஒரு முழம் தள்ளி ஒரு தென்னை சாய்ந்திருந்தது. கார் தப்பியது.

அந்தக் கார் வீட்டுப் பெரியவர் வாங்கியது. டீசல் வண்டி. டிக்கியில் மல்லிகை மூட்டையைத் திணித்துக்கொண்டு விடியற்காலையில் பூ மார்க்கெட்டுக்கு ஓடும். சமயத்தில் பிரசவ வலி கண்டவர்களை ஏற்றிக்கொண்டு அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்கும் ஓடும். பெரியவர் காலமான பிறகு ஓட்ட ஆளில்லை. விற்க மனமும் இல்லை. புயலுக்குப் பிறகு, இனியாவது பத்திரமாக இருக்கட்டும் என்று மேலே தார்ப்பாயை இறுக்கிக் கட்டினார்கள். கெடுதலே அங்கேதான் ஆரம்பித்தது. தார்ப்பாய் மழையைத் தடுக்கும். தரையிலிருந்து எழும் ஈரத்தை வெளியே விடாது. மண் தரையில் நின்ற வண்டிக்கு அடியிலிருந்து ஆவி ஏறி, தகரத்தின் உள்பக்கமெல்லாம் வியர்த்துக் காய்ந்து வியர்த்துக் காய்ந்து துருப் பிடித்தது. போர்த்தாமல் ஒரு கூரைக்கடியில் காற்றோட்டமாக நிறுத்தியிருந்தால் பாதிகூடப் போயிருக்காது.

மகன் சிங்கப்பூரிலிருந்து திரும்பியபோது நிலைமை இதுதான். அங்கே சில வருடம் ஒரு வாகனப் பட்டறையில் வேலை பார்த்தவர். கையில் கொஞ்சம் சேமிப்பு, மனதில் ஒரு ஆசை: தாத்தா காரை ஓட வைக்க வேண்டும், அதற்கு வீட்டிலேயே ஒரு ஷெட் போட வேண்டும்.

“தோப்பை மறுபடி நடவே காசு பத்தலைங்கிறப்ப, காருக்கு வீடு கட்டப் போறியா?” என்று கேட்டார் தகப்பனார்.

“காருக்கு மட்டும் இல்லப்பா. பவர் டில்லரும் வெயில்லயும் மழையிலயுந்தான் கெடக்கு.”

தகப்பனார் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் ஆகும். அதுவரை அந்தச் சேமிப்புத்தான் குடும்பத்துக்குக் கைத்தடி. ஆனால் மகன் சொன்னதையும் தள்ள முடியாது. டிராக்டருக்கும் டில்லருக்கும் மானியம் உண்டா என்று கேட்காத விவசாயி இல்லை; வாங்கியதை எங்கே நிறுத்துவது என்று கேட்பவர் அபூர்வம். தவணை முடிவதற்குள் வண்டி துருப் பிடித்து நிற்பதை எந்த ஊரிலும் பார்க்கலாம்.

பெரியவர் பேரனை ஜி.டி. நாயுடு கதை சொல்லித்தான் வளர்த்திருந்தார். கோவை பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர் நாயுடு. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கி, பிரித்துப் பிரித்துப் பூட்டியே இயந்திரம் கற்றவர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டுத் தொழிலைத் தொடங்கினார். பருத்தியிலும் பப்பாளியிலும் ஆராய்ச்சி செய்தவர் என்பதால் விவசாயிகளுக்கும் அவர் சொந்தக்காரர்தான். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரில் இருக்கும் கார் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தவர்கள், பழைய வண்டி என்றால் இரும்புக்கடை என்ற எண்ணத்தை மாற்றிக்கொண்டுதான் திரும்புகிறார்கள்.

மகன் பொறுக்கவில்லை. கூரை போன கொட்டகையில் காரைத் தள்ளி நிறுத்தி வேலையை ஆரம்பித்துவிட்டார். மாடு கட்டி, மூத்திரம் ஊறி, மிதிபட்டு மிதிபட்டு மெத்தென்று போன மண் தரை அது. முன் சக்கரத்தைக் கழற்றி, ஜாக்கியில் வண்டியைத் தூக்கி, அடியில் நுழைந்தார். ஜாக்கியின் அடித்தட்டு ஒருபக்கமாக மண்ணில் இறங்கியது. வண்டி சாய்ந்தது.

சிங்கப்பூர்ப் பட்டறையில் பழகிய ஒரு வழக்கம் அவரைக் காப்பாற்றியது. கழற்றிய சக்கரத்தை ஓரமாக உருட்டிவிடாமல், வண்டிக்கு அடியிலேயே படுக்க வைத்திருந்தார். சுமை அதன்மேல் உட்கார்ந்தது. தோளில் சிராய்ப்போடு ஊர்ந்து வெளியே வந்தார். அம்மா அதைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் ஜாக்கிக் கம்பியைக் காணோம். கேட்டதற்கு, “கம்பியா? நான் பாக்கலையே” என்றார். நெல் குதிருக்குள் இருந்தது என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் தகப்பனார் வாயைத் திறந்தார். “கட்டுறதுன்னா ஒழுங்காக் கட்டு. பாதி வேலை வேணாம்.”

முதல் வேலை தரை. ஊறிப்போன மேல்மண்ணை ஒரு அடி ஆழத்துக்கு வெட்டி எடுத்தார்கள். அது உரம்; புதிதாக வைத்த தென்னங்கன்றுகளுக்குப் போனது. அதை அப்படியே விட்டுவிட்டு மேலே கான்கிரீட் போடுகிறவர்கள் உண்டு. மாட்டு மூத்திரத்தின் உப்பு ஈரத்தோடு மேலேறி, சிமென்டையும் அரிக்கும், கம்பியையும் அரிக்கும், மேலே நிற்கும் வண்டியையும் விடாது. வெட்டிய இடத்தில் செம்மண் கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு இறுக்கி, மேலே கறுப்புப் பாலித்தீன் விரித்து, கம்பி வலை கட்டி 5 அங்குலம் கான்கிரீட். முற்றத்தைவிட ஒரு அடி உயரம். வாசல் பக்கம் 10 அடிக்கு ஒரு அங்குலம் சரிவு, கழுவிய தண்ணீர் ஓட அது போதும். சரிவு அதிகமானால் வண்டி உருளும். இரண்டு வாரம் தண்ணீர் கட்டி வைத்தார்கள். கார் ஏறியது 28 நாள் கழித்து.

அளவில் மேஸ்திரிக்கும் மகனுக்கும் தகராறு. அம்பாசிடர் 14 அடிக்குக் கொஞ்சம் கூட நீளம், ஐந்தரை அடி அகலம். “15-க்கு 8 போதுமே” என்றார் மேஸ்திரி. நிறுத்துவதற்கு மட்டும் என்றால் போதும். கதவைத் திறக்க, சக்கரத்தைக் கழற்ற, ஆள் உட்கார்ந்து வேலை செய்யப் பக்கத்துக்கு 3 அடியாவது வேண்டும். டில்லரையும் சேர்த்து 24-க்கு 20 என்று முடிவானது. வாசல் 10 அடி அகலம், நாளைக்கு ஒரு டிராக்டர் வந்தாலும் நுழைகிற மாதிரி.

கூரையில் யாரும் தகராறு செய்யவில்லை. கஜா எல்லோருக்கும் பாடம் நடத்தியிருந்தது. பழைய கொட்டகை கிழக்குப் பக்கம் முழுக்கத் திறந்தது. உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ள, மேலே வீசும் காற்று உறிஞ்சி இழுக்க, தகரம் பறந்தது. கனம் குறைவு என்று கல்லைத் தூக்கி மேலே வைப்பது நம் ஊர் வழக்கம். புயலில் அந்தக் கல்தான் ஆளைக் கொல்லும். இந்த முறை இரும்புத் தூண்கள் கான்கிரீட் அடித்தளத்தில் நங்கூர போல்ட்டில் நின்றன. தகடுகளை ஜே போல்ட்டுப் போட்டுப் பிடித்தார்கள். காற்று முதலில் பிரிப்பது விளிம்பைத்தான் என்பதால் ஓரங்களில் மட்டும் நெருக்கமாக. வெளியே நீளும் தாழ்வாரத்தை ஒன்றரை அடியோடு நிறுத்தினார்கள். நாலு பக்கமும் சுவர், எதிரெதிர்ச் சுவர்களில் மேலே ஜாலி. அந்த ஜாலி வெயிலுக்காக மட்டும் இல்லை. மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டால் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஜாலி இருந்தாலும் கதவைத் திறந்து வைக்காமல் இன்ஜினை ஓடவிடக் கூடாது.

குழி வெட்டும் யோசனை வந்தது. பட்டறைகளில் இருப்பது போல, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் குழி. மகனுக்கு ஆசைதான். ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பக்கம் குழி தோண்டினால் தண்ணீர் ஊறும். அது பெரிதல்ல. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம்; பள்ளத்தில்தான் போய்த் தங்கும். பக்கத்தில் ஒரு பைக் நின்று சொட்டினாலே போதும், ஒரு பொறியில் முடிந்துவிடும். இரவில் குழந்தைகள் விழும் ஆபத்து வேறு. வேண்டாம் என்று விட்டார்கள். அதற்குப் பதில் நாலு ஆக்சில் ஸ்டாண்டு. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்; தாங்குவதற்கு ஸ்டாண்டு. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சுமையில் சொல்லாமல் நொறுங்கும், அவற்றை அடியில் வைத்து யாரும் படுக்கக் கூடாது.

புயலில் விழுந்த முற்றிய தென்னைகளின் அடிமரத்தை அறுத்து வேலை மேசை செய்தார்கள். அதில் ஒரு வைஸ். சுவரில் பலகை அடித்து ஸ்பானர்களைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் உருவத்தையும் பெயின்டில் வரைந்தார் மகன். எது காணோம் என்று பார்த்ததும் தெரியும். சாமான் பட்டியல் நீளமில்லை: ரிங் ஸ்பானர், சாக்கெட் செட், கிரீஸ் கன், மல்டிமீட்டர், சின்ன ஏர் கம்ப்ரஸர், ஒரு தீயணைப்பான், இரண்டு வாளி மணல். வெல்டிங் மிஷின் வாங்கவில்லை. வருடத்துக்கு நாலு தடவை தேவைப்படுவதற்கு ஊர்ப் பட்டறை இருக்கிறது. விளக்கு நடுவில் மாட்டாமல் இரண்டு பக்கச் சுவரிலும் டியூப் லைட். நடுவில் இருந்தால் குனிகிறவன் நிழலே இன்ஜினை மறைக்கும்.

மின்சாரத்துக்குத் தோட்டத்து பம்ப்செட் லைனிலிருந்து இழுத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். விவசாயத்துக்குக் கொடுக்கும் இலவச மின்சாரத்தை அப்படி எடுப்பது விதிமீறல், இணைப்புக்கே ஆபத்து. வீட்டு இணைப்பிலிருந்து தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., ஒழுங்கான எர்த் என்று எடுத்தார்கள். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அந்த ஆர்.சி.சி.பி.தான் உயிர்.

எல்லாம் முடிந்தபோது உண்மையான சண்டை வந்தது. இவ்வளவு பெரிய, காய்ந்த, பூட்டுள்ள இடத்தைப் பார்த்த தகப்பனார், யூரியாவையும் பொட்டாஷையும் கொண்டுவந்து சுவரோரம் அடுக்கிவிட்டார். பக்கத்தில் கடலை விதை மூட்டை. மேல் அலமாரியில் பூச்சிமருந்து.

இதில் மகன் பக்கம்தான் நியாயம். யூரியா காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். நம் கடையில் விற்கும் பொட்டாஷ் குளோரைடு உப்பு. கடற்கரை உப்புக் காற்று இரும்பை என்ன செய்யுமோ அதையே செய்யும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும். உரத்தின் பக்கத்தில் வைத்த விதைக்கு முளைப்புத்திறன் குறையும். விதை இருந்தால் எலி வரும். எலி வந்தால் வயரைக் கடிக்கும். பூச்சிமருந்துக்குத் தீயும் ஆகாது, பேட்டரியும் ஆகாது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜனுக்கு ஒரு பீடி நெருப்பு போதும். கடைசியில் ஷெட்டுக்கு வெளியே மேற்குச் சுவரை ஒட்டி, தனிக் கதவோடு 6 அடிக்கு 8 அடியில் ஓர் உர அறை கட்டினார்கள். தரையில் மரச்சட்டம், அதன் மேல் மூட்டை. பூச்சிமருந்து அங்கேயே பூட்டுப் போட்ட பெட்டிக்குள். விதை வீட்டுக்குள் போனது. இடையில் சுவர் வந்ததும் சண்டை நின்றது.

கார் ஓட மேலும் எட்டு மாதம் பிடித்தது. அம்பாசிடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது என்றாலும் சாமான் கிடைக்கிறது, பொறுமைதான் வேண்டும். அதற்குள் டில்லருக்குத்தான் முதல் பலன் வந்தது. சேற்று உழவு முடிந்ததும் கழுவி, சுழல் கத்திகளுக்கு எண்ணெய் தடவி, ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து நிறுத்தும் பழக்கம் வந்தது. நல்ல தரையும் வெளிச்சமும் இருந்தால்தான் அதைச் செய்ய மனம் வரும். அக்கம்பக்கத்தார் ஸ்பிரேயர், பைக் என்று கொண்டுவருகிறார்கள். கழற்றிய பழைய இன்ஜின் ஆயிலைக் கேட்டும் வருகிறார்கள், கரையானுக்குத் தென்னையில் பூச. மகன் கொடுப்பதில்லை. அதிலுள்ள உலோகக் கழிவு மண்ணுக்கும் கிணற்றுக்கும் போகும் என்று சொல்லி, மூடிய டின்னில் சேர்த்து, மறுசுழற்சிக்கு வாங்குபவரிடம் கொடுக்கிறார். இதில் சிலருக்கு அவர்மேல் வருத்தம்கூட உண்டு.

இப்போது தகப்பனார் ஷெட்டுக்குக் கிழக்கே காலியாகக் கிடக்கும் இடத்தில் ஒரு தென்னை வைக்க வேண்டும் என்கிறார். மரம் 60 அடி வளரும், கூரை மேல் விழும் தூரத்தில் வேண்டாம் என்கிறார் மகன். கன்று ஒரு வாளியில் காத்திருக்கிறது.

தரை காய்ந்து, நாலு ஸ்டாண்டும் வந்த அன்றைக்கே அம்மா ஜாக்கிக் கம்பியைக் குதிரிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆனாலும் மகன் காருக்கு அடியில் போகும் நாளில், அவர் ஷெட் வாசலில் முறத்தோடு உட்கார்ந்துதான் பூக் கட்டுகிறார். “அங்க என்னடா சத்தம்?” என்று கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கேட்பார். உள்ளிருந்து பதில் வரவேண்டும்.